பட்டம் யார் பெயரில் வரும்?

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், பயாலஜி குரூப். நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். எங்கள் சபையில் தெரிந்த ஒருவர், "கிறிஸ்டியன் யுனிவர்சிட்டியில் சீட் இருக்கிறது. இப்போதைக்கு ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோவில் சேர்த்துவிட்டு அப்புறம் பி.எஸ்சி.க்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த வாரமே ஐம்பதாயிரம் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: இந்த வாரம் வேண்டாம் அம்மா.

முதலில் அந்த 'யுனிவர்சிட்டி'. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியையே (சி.எம்.சி.) எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது 1909-ல், பி.எஸ்சி. வந்தது 1946-ல். அவ்வளவு பெயர் வாங்கிய இடம்கூடப் பல்கலைக்கழகம் அல்ல, கல்லூரிதான். பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். உங்களுக்குச் சொல்லப்படும் இடத்தில் பட்டம் யார் பெயரில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து 'மாற்றிக்கொள்ளலாம்'. முடியாது. ஜி.என்.எம். 3 வருட டிப்ளமோ. அதை முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்த பிறகுதான் 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஆக 5 வருடம். நேரடி பி.எஸ்சி. 4 வருடம்தான். ஜி.என்.எம். ஒன்றும் மட்டமில்லை, அரசுச் செவிலியர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வை எழுத அதுவே போதும், ஆர்ட்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு நல்ல வழியும்கூட. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் படித்த உங்கள் பெண் எதற்குச் சுற்றிப் போக வேண்டும்? பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் அரசு கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் உங்களுக்கு உண்மையிலேயே ஒரு லாபம் இருக்கிறது. சி.எம்.சி. போன்ற இடங்களில் திருச்சபை பரிந்துரைக்கும் பிள்ளைகளுக்கென்று இடங்கள் உண்டு. அந்தத் தெரிந்த நபரை விட்டுவிட்டு ஆயரிடம் கேளுங்கள். ஆனால் படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனையில் சில காலம் வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். எத்தனை வருடம், எந்த ஊர், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மகளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம் மாணவிகள் பயிற்சி பெறும் மருத்துவமனை. என் அக்கா மகள் சேர்ந்த கல்லூரியின் பிராஸ்பெக்டஸில் பெரிய ஆஸ்பத்திரிப் படம் இருந்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது அடுத்த மாவட்டத்தில். காலை ஐந்தரைக்கு பஸ். இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, யூனிபார்மில் சட்னி சிந்தாமல் சாப்பிடவே தனிப் பயிற்சி வேண்டும் என்பாள். நீங்கள் ஒரு நாள் காலையில் நேரில் போய், வார்டில் மாணவிகள் நிற்கிறார்களா, படுக்கையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டிய பிறகு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நம்பாதீர்கள். கல்வி வணிகச் சரக்கல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னதைக் காட்டி நிறைய வழக்குகளைத் தள்ளியிருக்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு வாங்கிவிடுங்கள். கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. நன்கொடை வாங்கிக்கொண்டு சீட் தருவதற்குத் தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டப்படி தடை. அந்த ஐம்பதாயிரத்துக்கு என்ன ரசீது தருவீர்கள் என்று பணம் கேட்ட அந்த நபரிடம் கேளுங்கள். கல்லூரி பெயரில் கல்விக் கட்டணம் என்று இல்லாமல், ஏதோ டிரஸ்ட் பெயரில் 'நன்கொடை' என்று வருமானால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.