மை பிளடி வேலன்டைன் என்ற ராக் இசைக்குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தில் அந்த வழுக்கும் கிட்டார் சத்தம் எப்படி வந்தது? வெளிவந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது உண்மையா?

நூறு கிட்டார்களை அடுக்கி ரெக்கார்ட் செய்தார்கள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையில் கிட்டார் டிராக்குகள் மிகக் குறைவு. ஒலியை அலையவைக்கும் கோரஸ், ஃபிளாஞ்சர் பெடல்களும் இல்லை என்று குழுவின் கிட்டாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வித்தை வலது கையில் இருக்கிறது.

ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் கிட்டார்களில் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பியான ட்ரெமலோ ஆர்ம் நீளமானது, லேசாகத் தொட்டாலே அசையும். வழக்கமாகக் கம்பியை மீட்டிவிட்டுத்தான் ஆர்மை அழுத்துவார்கள். ஷீல்ட்ஸ் அதைக் கைக்குள் பிடித்தபடியே ஸ்ட்ரம் செய்கிறார். வாகாக உயர்ந்து நிற்க அதன் அடியில் டேப் வேறு சுற்றியிருப்பார். கை ஏறி இறங்கும்போது கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) முழுக்கச் சுருதியிலிருந்து வழுக்கித் திரும்பும். சில பாடல்களில் இதோடு ரிவர்ஸ் ரிவர்ப், அதாவது தலைகீழாக்கிய எதிரொலி சேரும். அதற்கு யமஹா எஸ்பிஎக்ஸ்90 போன்ற கருவிகள். மீட்டலின் கூர்மை மழுங்கி, ஒலி பின்னாலிருந்து எழும்பி வரும்.

வீட்டில் முயல்பவர்கள் பெரும்பாலும் ரிவர்ப் மிக்ஸில்தான் சொதப்புகிறார்கள். அதை 50 சதவீதத்தில் வைத்தால் நேரடி ஒலியும் சேர்ந்து கேட்டு எல்லாம் கெட்டுவிடும். 100 சதவீதம் வையுங்கள். ரிவர்ப் முதலில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பிறகு. ஆர்மை அரைச் சுருதிக்கு மேல் அசைத்தால் பாட்டு தள்ளாடும். ஜாஸ்மாஸ்டரில் மெல்லிய கம்பி போட்டால் அது பிரிட்ஜின் (கம்பிகளைத் தாங்கும் பகுதி) பள்ளத்திலிருந்து எகிறிவிடும், 11 அல்லது அதற்கு மேல் கேஜ் (கம்பித் தடிமன்) வேண்டும். கிட்டாரின் டோன் நாபைக் குறைத்தே வையுங்கள்.

டிரம்ஸை மறந்துவிடக் கூடாது. டிரம்மர் கோல்ம் ஓ கீசோய்க் அப்போது உடல்நலமின்றி இருந்ததால், அவர் வாசித்த துணுக்குகளைச் சாம்பிள் செய்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கித்தான் பெரும்பாலான பாடல்களுக்குத் தாளம் அமைத்தார்கள். தாளம் இம்மியும் பிசகாமல் நிற்பதால்தான் கிட்டார் அவ்வளவு ஆடியும் காது தொலைந்துபோவதில்லை. பாடகி பிலிண்டா புட்சரின் குரலும் பல டேக்குகளைக் கலந்து கிட்டாருக்குள்ளேயே புதைக்கப்பட்டது. வரிகள் புரியவில்லையே என்று ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம்.

1989 தொடங்கி 1991 வரை 19 ஸ்டுடியோக்கள் மாறினார்கள். கூட இருந்தவர்கள் பெயரையெல்லாம், டீ போட்டுக் கொடுத்தவர் உட்பட, உறையில் போட்டதாக ஷீல்ட்ஸ் சொன்னார். செலவு 2,50,000 பவுண்டு, ஆல்பத்தை வெளியிட்ட கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் திவாலாகப் பார்த்தது என்ற பேச்சை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

வரவேற்புக்கு வருவோம். 1991 நவம்பரில் வெளியானது. விமர்சகர்கள் அப்போதே பாராட்டினார்கள். விற்பனைதான் சுமார்: பிரிட்டனில் 24ஆம் இடம், அமெரிக்கப் பட்டியலில் இடமே இல்லை. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அமெரிக்க இசை இதழான ஸ்பின் தேர்ந்தெடுத்தது அதே நிறுவனத்தின் டீனேஜ் ஃபேன்கிளப் ஆல்பத்தை! கிரியேஷன் இவர்களைக் கைகழுவியது. 1999இல் பிட்ச்ஃபோர்க் இசை இணையதளம் தொண்ணூறுகளின் சிறந்த ஆல்பங்களில் முதலிடத்தை ‘லவ்லெஸ்’ஸுக்குத் தந்தபோதும் அடுத்த ஆல்பம் வந்திருக்கவில்லை, அது 2013இல்தான் வந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் கடைசிப் பாடலான ‘சூன்’இல் தொடங்கலாம். அதில் தாளம் தெளிவாக முன்னால் நிற்கும்.