குதிரைக்குட்டி பிளைட்ல வருதா? காலை விடுங்க, நுரையீரலைப் பாருங்க

உடுமலைப்பேட்டை பக்கம் ரைடிங் ஸ்கூல் வச்சிருக்கிற ஒரு அண்ணா கேட்டிருக்காருங்க. நெதர்லாந்துல ரெண்டு வார்ம்பிளட் (சவாரிக்குன்னே வளர்க்கற ஐரோப்பியக் குதிரை வகை) குட்டி பேசி முடிச்சிருக்காரு, ஏழு மாசக் குட்டிங்க. தை மாசி வாக்குல பெங்களூருல இறங்கி, குவாரன்டைன் முடிச்சு, அங்கிருந்து லாரில உடுமலை வரணும். மயக்க ஊசி போட்டுக் கூட்டியாரலாமா, கயிறை எவ்வளவு இறுக்கிக் கட்டறது, வழியில கொள்ளு வைக்கலாமா, கால் ஒடிஞ்சிருமோன்னு ஒரே வெசனமா இருக்குதுன்னு எழுதியிருக்காரு.

கால் ஒடியறது எங்கியோ ஒண்ணு ரெண்டுங்ண்ணா. நெடுந்தூரம் வர்ற குதிரையை நிறைய நேரம் சாய்க்கறது நுரையீரல் தான். குதிரை ஒரு நாள்ல பாதிக்கு மேல தலையைக் கீழ போட்டு மேயற ஜீவன், அதோட மூச்சுக்குழாய்ல சேர்ற தூசி சளி கிருமி எல்லாம் தலை தாழ்ந்திருக்கறப்ப தானா வழிஞ்சு வெளிய வந்துரும், நாம அதைப் பெட்டிக்குள்ள ஏத்தி தலையைத் தூக்கிக் கட்டிட்டோம்னா அந்த வழியே அடைஞ்ச மாதிரி, அழுக்கெல்லாம் உள்ளயே தங்கி நெஞ்சுக்குள்ள இறங்கும். பயணமே பண்ணாம கொட்டகையிலயே நல்ல குதிரைங்களைத் தலை தூக்கிக் கட்டி வச்சு ஆஸ்திரேலியாவுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க, சில மணி நேரத்துலயே மூச்சுக்குழாய்ல பாக்டீரியா பெருக ஆரம்பிச்சிருச்சு, அவுத்து விட்டதும் குறைஞ்சிருச்சு. இதைத்தான் ஷிப்பிங் பீவர்ங்கறாங்க, முத்துனா நிமோனியாவும் நெஞ்சுல நீர்க்கோவையும்.

அதனால கயிறு விஷயத்துல நீங்க நினைக்கறது தலைகீழுங்க. மூக்கு நெஞ்சு மட்டத்துக்குக் கீழ போற அளவு தளர்வு வேணும், ஆனா முன்னங்காலைத் தூக்கிப் போட்டுச் சிக்கிக்கற நீளமும் ஆகாது. பிளைட் ஏறும்போதும் இறங்கும்போதும் குரூம், அதாவது கூட வர்ற குதிரை பராமரிப்பாளர், பக்கத்துல நின்னு பிடிச்சுக்குவாரு, நடுவுல மேல பறக்கறப்ப தளர்த்தி விடச் சொல்லுங்க. வைக்கோலோ ஹேயோ (காயவச்ச புல்) நனைச்சுத்தான் வைக்கணும், காய்ஞ்சதை மூக்குக்கு நேரா கட்டித் தொங்கவிட்டா அந்தத் தூசி மொத்தமும் உள்ள போகும். ஏர் ஸ்டேபிள்ங்கற பிளைட் குதிரைப்பெட்டி ஒண்ணுல மூணு குதிரை வரைக்கும் ஏத்துவாங்க. காசு கூட ஆனாலும் பரவால்லன்னு உங்க ரெண்டை மட்டும் ஒரு பெட்டியில கேளுங்க, காலை அகட்டி நிக்க இடம் கிடைக்கும், ஒண்ணை ஒண்ணு பார்த்துட்டே வர்றது குட்டிகளுக்குப் பெரிய தைரியம்.

மயக்க ஊசி வேண்டாங்க. ஊசி போட்டா தலை தானா தொங்குமே, நல்லதுதானேன்னு தோணும், ஆனா ரத்த அழுத்தம் குறையும், நின்னு பேலன்ஸ் பண்ற சக்தி போயிரும், பிளைட் குலுங்கறப்ப குட்டி உக்காந்துட்டா எழுப்பறது பெரும்பாடு. கூட வர்ற டாக்டர் கையில அவசரத்துக்கு இருக்கட்டும், அவ்வளவுதான். ஊசிக்குப் பதிலா பழக்கம். தாய்கிட்ட இருந்து பிரிச்சு ஒரு மாசமாவது ஆயிருக்கணும், தலைக்கயிறு போட்டா நிக்கணும், ஓனரோட டிரெய்லர்ல தினமும் ஏத்தி இறக்கி அதுக்குள்ளயே தீனி தின்னு பழகணும். இதெல்லாம் ஆச்சான்னு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா ரோசனை பண்ணுங்க. கால் பேண்டேஜ் பழகாத குட்டிக்கு வேண்டவே வேண்டாம், பாதி வழியில அவுந்து சுத்திக்கும்.

தண்ணி மாறுனா குதிரை குடிக்காது, குடிக்காட்டி வயித்து வலி வந்துரும். ஏத்தறதுக்கு ஒரு வாரம் முந்தியே தண்ணில ஏதாவது இனிப்பு ருசி பழக்கிட்டா எந்த ஊர்த் தண்ணியும் அதே ருசியில இருக்கும். நீங்க கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரையே ஒரு கிலோ கொரியர் போட்டு விட்டாலும் தப்பில்லைங்க, அதே ருசி உடுமலை தாழி வரைக்கும் கூட வரும். பக்கத்துலயே வெறும் தண்ணியும் ஒரு வாளி இருக்கட்டும்.

கொள்ளு, ஓட்ஸ் எதுவும் முந்தின நாளும் வழியிலயும் கிடையாது, வெறும் ஹே தான். வந்து நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு கைப்பிடியில ஆரம்பிங்க. காய்ஞ்ச குதிரை மசால் தீவனம் கொஞ்சம் தரலாம், ஆனா மாட்டுக்கு வெட்டற பச்சைச் சோளப்பயிரை மட்டும் பாசத்துல போட்டுறாதீங்க, குதிரைக்கு மூத்திரப்பை கெட்டு பின்னங்கால் தள்ளாட வச்சிரும்.

பேப்பர் வேலை: மத்திய அரசோட இறக்குமதி அனுமதி கையில வராம பிளைட் புக் பண்ணாதீங்க. பெங்களூருல இருந்து லாரி ஏத்தறப்பவும் டாக்டர் சர்டிபிகேட் வேணும், 1978-ம் வருஷ விலங்கு ஏத்திச்செல்லும் விதியில இருக்குது, குட்டிகளை மத்த உருப்படிகளோட கலந்து ஏத்தக்கூடாதுன்னும் அதுலயே இருக்குது.

ரோட்டுல எனக்குப் பயம் தொப்பூர் கணவாய் தான். தர்மபுரி தாண்டி அந்த இறக்கத்துல லோ கியர்ல மெதுவா உருட்டச் சொல்லுங்க, பிரேக் அடிக்க அடிக்க குட்டி முன்னால முன்னால தள்ளப்பட்டு கால் சோர்ந்துரும். பொழுது சாஞ்சு கிளம்புனா வெயிலுக்குத் தப்பிச்சுக்கலாம், ஆனா நடுச்சாமத்துல தூங்காத டிரைவரா இருக்கணும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஓரங்கட்டி, கயிறைத் தளர்த்தி, ஹேயை தரையில வச்சு அரை மணி நேரம் தலையைக் கீழ போட விடுங்க. பைபாஸ்ல கீழ மட்டும் இறக்கிறாதீங்க. சங்ககிரி தாண்டியாச்சு, வீடு வந்தாச்சுன்னு கடைசி நிறுத்தத்தை விட்டுட்டு பெருந்துறை காங்கேயம் தாராபுரம்னு ஒரே ஓட்டமா ஓட்டறவங்க தான் ஜாஸ்தி.

வந்ததும் வேலை முடியலைங்க. ஷிப்பிங் பீவர் இறங்கற அன்னிக்கே தெரியாது, ஒண்ணு ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட காட்டும். காலையும் சாயங்காலமும் தெர்மாமீட்டர் வச்சு பத்து நாள் எழுதி வையுங்க, 38.5 டிகிரி செல்சியஸ் தாண்டுனாலோ தீனியில மூக்கை வைக்காம நின்னாலோ டாக்டரைக் கூப்பிடுங்க, அவரு வர்றதுக்குள்ள நீங்களா வலி ஊசி போட்டீங்கன்னா காய்ச்சல் மறைஞ்சு நோய் உள்ள வளரும். அதுக்கப்புறமேட்டுக்கு வர்ற காய்ச்சல்னா உண்ணி மேல சந்தேகப்படணும், குளிர்நாட்டுக் குட்டிகளுக்கு நம்மூர் உண்ணிக்காய்ச்சல் புதுசு. மாட்டுக் கட்டுத்தரையில இருந்து தள்ளிக் கட்டுங்க.

தேதியை மட்டும் மாத்துங்கன்னு சொல்வேன். தை மாசி அங்க கடுங்குளிர், குட்டி மேல கம்பளி மாதிரி முடி இருக்கும், அந்த முடியோட நம்ம பங்குனி வெயில்ல நின்னா மூச்சு வாங்கியே களைச்சுரும். ஜூன்ல கொண்டு வந்தா அங்கியும் கோடை முடி, இங்கியும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, குட்டியும் இன்னும் வளர்ந்து திடமா இருக்கும். அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா நாலு மாசம் அங்கியே வளர்க்கற செலவு ஒரு நிமோனியா செலவை விடக் கம்மி தானுங்க.

ஆடில அந்தியூர் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய் காட்டணும்னு ஆசைப்பட்டிருக்கீங்க. இந்த வருஷம் குட்டி வேண்டாம், நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. பல ஊர்க் குதிரை ஒரே தாழில வாய் வைக்கற இடம், கிளாண்டர்ஸ்ங்கற குதிரைத் தொற்றுநோய் வந்தா மருந்தும் இல்லை தடுப்பூசியும் இல்லை, 2009 விலங்கு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரியப்படுத்தியே ஆகணும், உறுதியாச்சுன்னா குதிரையைக் கருணைக்கொலை பண்ணிருவாங்க. சந்தைக்குப் போய்ட்டு வந்த செருப்போட, வாளியோட நேரா குட்டிங்க கொட்டகைக்குள்ளயும் நுழையாதீங்க.