மனம் வைத்தால் நம்பிவிடலாமா?

வணக்கம்.

அம்மா இறந்தபின் எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது. கோபத்தில் உதறவில்லை, ஒருநாள் கவனித்தபோது அது இல்லை, அவ்வளவுதான். அக்கா தீவிர பக்தை. "நீ வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறாய், மனம் வைத்தால் நம்பலாம்" என்கிறாள். சில மாதங்கள் உண்மையாகவே முயன்றேன். வேண்டிக்கொண்டேன், படித்தேன். எதுவும் திரும்பி வரவில்லை. என் நண்பர்களோ, "மதம் அவரவர் தேர்வு, உன் அக்கா மூடத்தனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்" என்கிறார்கள். அதையும் ஏற்க முடியவில்லை. நம்புவதும் நம்பாததும் நம் கையில் இருக்கிறதா? என் மகளுக்கு எட்டு வயது. "நீ பெரியவளானதும் நீயே முடிவு செய்துகொள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது போதுமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அக்காவும் நண்பர்களும் எதிரெதிர் கட்சி என்று நினைத்துக்கொண்டு ஒரே குற்றச்சாட்டைத்தான் சுமத்துகிறார்கள். அவள் உங்கள்மேல் சுமத்துகிறாள், அவர்கள் அவள்மேல். முடிவெடுத்தால் போதும், நம்பிக்கை மாறிவிடும் என்பது இருவருக்கும் பொதுவான எண்ணம்.

இன்று செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தபின், வியாழன் என்று நம்பிப் பாருங்கள். வியாழன் என்று சொல்லலாம், எழுதிக் கையெழுத்துப் போடலாம், நாட்காட்டியின் தாளைக்கூடக் கிழிக்கலாம். உள்ளே இருக்கும் செவ்வாய் அசையாது.

கிழமையும் கடவுளும் ஒன்றா என்று கேட்பீர்கள். கிழமைக்குச் சான்று இருக்கிறது, கடவுள் விஷயத்தில் சான்று இரு பக்கமும் முடிவாக இல்லை, அந்த இடைவெளியில் மனத்துக்கு வேலை இருக்கிறது என்று வாதிட்டவர் அமெரிக்கச் சிந்தனையாளர் வில்லியம் ஜேம்ஸ், 1896இல். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தத் தேர்வு உங்களுக்குள் உயிரோடு இருக்க வேண்டும். இஸ்லாமிய மரபில் எதிர்பார்க்கப்படும் மீட்பரான மஹ்தியை நம்புங்கள் என்று சொன்னால் தன் முன் அமர்ந்திருப்பவர்களுக்கு அதில் ஒரு சலனமும் ஏற்படாது, ஓர் அரேபியருக்கு ஏற்படும் என்பது அவர் தந்த உதாரணம். எது நமக்குள் உயிரோடு இருக்கிறது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. பிறப்பும் வளர்ப்பும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன.

பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் இதில் இன்னும் நேர்மையானவர். கடவுள் இருக்கிறார் என்று பந்தயம் கட்டுவதே லாபம் என்ற அவருடைய கணக்கு பிரபலமானது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். "கணக்கு சரி, ஆனால் என்னால் நம்ப முடியவில்லையே" என்று ஒருவன் கேட்பதாக அவரே தொடர்கிறார். மனம் வை என்று அவர் அவனிடம் சொல்லவில்லை. நம்புகிறவர்கள் செய்வதைச் செய், புனித நீரைத் தொடு, திருப்பலி நிறைவேற்றச் சொல், நம்பிக்கை பிறகு வரும் என்கிறார். நேர்வழி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சுற்றுவழியில் சிலர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நீங்கள் சில மாதங்கள் நடந்து பார்த்தீர்கள், சேரவில்லை. அதற்குக் குற்ற உணர்வு எதற்கு? தவிர, அந்த வழியில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பழக்கத்தால் நம்பிக்கையை வரவழைத்துக்கொண்டவர், அது எப்படி வந்தது என்பதை மறந்தால்தான் நிம்மதியாக நம்ப முடியும்.

"அப்படியானால் அம்பேத்கர்?" என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தது 1935இல். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. நடுவில் 21 ஆண்டுகள். சீக்கியம் உட்பட மற்ற மதங்களை எடைபோட்டார், படித்தார், வாதிட்டார். அவருடைய 22 உறுதிமொழிகளில் முதலாவது, பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரரை நம்பமாட்டேன், வழிபடவும் மாட்டேன் என்பது. வழிபடமாட்டேன் என்பதை அன்று காலை முடிவு செய்து அன்றே நிறைவேற்றலாம். நம்பமாட்டேன் என்பது அந்த மேடையில் பிறந்ததல்ல, நெடுங்காலம் முன்பே நடந்து முடிந்தது. எதைப் படிப்பது, யார் பேச்சைக் கேட்பது, எந்தக் கேள்வியை மழுப்பாமல் வைத்திருப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. நம் கையிலும் இருக்கிறது. ஒருவரை நாம் கேள்வி கேட்பதென்றால் அதைப் பற்றித்தான் கேட்க முடியும்.

இதை அரசுகள் புரிந்துகொள்ளாமல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜப்பான் 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தது. சந்தேகத்துக்கு உரியவர்களை ஏசு அல்லது மரியாள் உருவத்தின்மேல் காலை வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மிதித்தவர் தப்பித்தார், மறுத்தவர் சித்திரவதைக்குப் போனார். பலர் மிதித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரகசியமாக ஜெபித்தார்கள். 1865இல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய தேவாலயத்துக்கு வந்த சிலர், "எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றே" என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தெரிவித்தபோது, அந்த நம்பிக்கை ஏழு தலைமுறையாக உயிரோடு இருந்தது தெரியவந்தது. அதிகாரிகளுக்குக் கிடைத்தது கால்கள் மட்டும்.

வன்முறை எப்போதும் தோற்கிறது என்று இதிலிருந்து ஆறுதல் அடைய வேண்டாம். பெரியவர்களின் மனத்தை மாற்ற முடியாத அதிகாரம், குழந்தைகளின் காதில் என்ன விழுகிறது என்பதைக் கட்டுப்படுத்தி, பேரப்பிள்ளைகளை மனமார நம்பவைத்த வரலாறும் ஏராளம்.

அக்கா அழைத்தால் பிரார்த்தனைக்குப் போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். அம்மாவுக்காக நிற்பது உங்களால் முடிந்த ஒன்று. நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அவளாலும் நம்பாமல் இருக்க முடியாது என்பதை நண்பர்களிடம் சொல்லுங்கள்.

மகள் விஷயத்தில்தான் உங்களோடு முரண்படுகிறேன். "பெரியவளானதும் முடிவு செய்துகொள்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதற்குள் எது அவள் காதில் விழவே இல்லையோ, அது அவளுக்குள் உயிரோடு இருக்காது. காத்திருப்பதும் ஒருவகை வளர்ப்புதான். நீங்கள் ஏன் நம்பவில்லை என்பதை நீங்கள் சொல்லுங்கள். அக்கா ஏன் நம்புகிறாள் என்பதை அக்காவே சொல்லட்டும், நீங்கள் அறையில் இல்லாத நேரத்தில்.