பேஸ்பாலா, கல்லூரியா? டல்லாஸில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பேஸ்பாலில் பந்து வீசும் உங்கள் மகன், பள்ளி முடிந்ததும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதா, கல்லூரியில் சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய பந்துவீச்சு வேகத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். முழங்கை வலி மட்டும் கடைசி வரியில் போகிறபோக்கில் வருகிறது. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

பதினாறு வயதில் மணிக்கு 87 மைல் நல்ல வேகம். ஆனால் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில் வேகப்பந்தின் சராசரியே 94 மைலைத் தாண்டிவிட்டது. அந்த இடைவெளியை ஓரிரு ஆண்டுகளில் அடைத்துவிடத் துடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிகிறது. 1974இல் டாமி ஜான் என்ற பந்துவீச்சாளருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை அறுவை சிகிச்சையில் சீரமைத்தார். ஜான் 1989 வரை ஆடினார். இதைக் கேட்டுவிட்டு, “ஆபரேஷன் செய்தால் கை முன்பைவிட வலுவாகும்” என்று சொல்லும் பெற்றோர் உண்டு. நம்பாதீர்கள். மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் முதல் ஆளாகத் தேர்வான பிராடி ஐக்கனுக்கு, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் கைகூடவில்லை. மறு ஆண்டு அறுவை சிகிச்சை. மேஜர் லீக்கை அவர் எட்டவே இல்லை.

மேஜர் லீக்கும், அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ விதிகளின்படி, 15-16 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துகள்தான் உச்சம். 76ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது போட்டியில் பந்து வீசக் கூடாது. பள்ளி அணிக்கு வீசிய பந்துகளின் கணக்கு ஒருவரிடம், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணியின் கணக்கு வேறொருவரிடம் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க உங்களை விட்டால் ஆளில்லை.

அவன் அப்பா விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறார் என்கிறீர்கள். வேண்டாம். அவருடைய கவலைக்கான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி முடிந்ததும் டிராஃப்டில் நேரடியாகப் போகலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயதாகும்வரை காத்திருக்க வேண்டும். பலர் இதை இழப்பாகப் பார்க்கிறார்கள். எனக்கோ இது அவசரத்துக்குப் போட்ட நல்ல பூட்டாகத்தான் தெரிகிறது. இந்திய வம்சாவளித் தாயின் மகனான குமார் ராக்கர், 2018இல் 38ஆம் சுற்றில் அழைப்பு வந்தும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2021இல் மெட்ஸ் அணி தேர்ந்தெடுத்துவிட்டு, உடல்நிலையைக் காரணம் காட்டி ஒப்பந்தம் தரவில்லை. 2022இல் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாம் ஆளாக எடுத்தது. 2023இல் முழங்கை அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மேடை ஏறினார். அபாரத் திறமை உள்ளவருக்கே இந்தப் பாடு.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேஜர் லீக்கில் 2025இன் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7,60,000 டாலர். 2023 ஒப்பந்தப்படி, அதற்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏயில்கூட அது 35,800 டாலர்தான். ஆகவே பள்ளியிலிருந்தே ஒப்பந்தம் போட நேர்ந்தால், பிற்காலக் கல்லூரிச் செலவை அணி ஏற்கும் என்பதைத் தொகையோடு எழுதி வாங்குங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்தப் பணம் கிடைக்காது.

கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் (டிவிஷன் 1) ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் நான்குக்கு 2.3 என்ற மதிப்பெண் சராசரியும் வேண்டும். அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் இந்தப் பட்டியலைச் சரிபாருங்கள். அதற்கு முன்னால், கோடைக்கால டிராவல் போட்டிகளுக்குப் பணம் கட்டுமுன், விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் அந்த முழங்கையைக் காட்டிவிடுங்கள்.