இரத்தம் வருகிறதென்று பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: திருகோணமலையில் ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர்

கேள்வி: நான் தரம் 2 ஆசிரியை. சுற்றாடல் பாடத்தில் ஒரு பிள்ளை, "தீட்டினா ரத்தம் வருது டீச்சர், அம்மா வேண்டாமெண்டவ" என்றது. முரசு (பல் ஈறு) நோய் வயதானவர்களுக்குத்தானே வரும்? சில நாள் விட்டுத் தீட்டச் சொல்லலாமா?
— ஆசிரியை, தம்பலகாமம்

பதில்: வேண்டாம் டீச்சர். இன்றிரவே தீட்டச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ், மெல்லிய கை, இரத்தம் வருகிற இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம். அம்மா கிட்ட நின்று உதவ வேண்டும். இந்த வயதில் தனியாகச் சரியாகத் தீட்டத் தெரியாது.

பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் படிகிற வெள்ளைப் படலம் முழுக்கக் கிருமிகள்தான். அது அங்கேயே கிடந்தால் முரசு சிவந்து வீங்கும், தொட்டாலே இரத்தம் வரும். பயந்து தீட்டாமல் விட்டால் படலம் தடிக்கும், இரத்தமும் கூடும். அம்மா இன்னும் பயந்து பிரஷ்ஷை ஒளித்து வைப்பார்.

1965இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், ஆரோக்கியமான முரசுள்ள 12 பேர் பல் தீட்டுவதை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழன்றது. திரும்பத் தீட்டத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் சுகமானது. சின்னப் பிள்ளைகளுக்கும் இதே அழற்சி வரும், இதே போல மாறவும் செய்யும். பெரியவர்களில் அது எலும்புவரை இறங்கிவிட்டால்தான் சிக்கல். கரைந்த எலும்பு தானாக வளராது.

எனக்கு ஆசிரியர்களிடம் ஒரு குறை உண்டு. சூத்தைப் பல் பற்றிக் கேட்டால் டொபி, பற்பசை என்று கடகடவென்று சொல்வார்கள். முரசு என்றால் "விற்றமின் குறைவு, தோடம்பழம் சாப்பிடு" என்று முடித்துவிடுவார்கள். தோடம்பழம் நல்லதுதான், ஆனால் படலத்தை அது எடுக்காது.

ஒன்றில் மட்டும் கவனம். காய்ச்சலோடு முரசில் இரத்தம் வந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் கண்டல் கண்டாலோ பல் வைத்தியரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். டெங்கு இருக்கிற ஊர் இது.

கேள்வி: புலமைப்பரிசில், விளையாட்டுப் போட்டி, டெங்குச் சிரமதானம் எல்லாம் எங்கள் தலையில். இப்போது பிள்ளைகளின் பல்லுமா?
— அதிபர், நிலாவெளி

பதில்: சலிப்பு நியாயம்தான் ஐயா. நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. அதற்குப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் இருக்கிறார், இலவசமாகவே பார்ப்பார். ஆனால் அவர் எப்போதாவதுதான் வருவார். பிள்ளை தினமும் சிரிப்பது வகுப்பாசிரியரின் முகத்தைப் பார்த்து. முன்பற்களின் ஓரத்தில் முரசு சிவந்து, பளபளத்து, உப்பியிருந்தால் அது கண்ணில் படும். அப்போது பெற்றோருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும். வகுப்பில் எழுப்பி நிறுத்தி "வாயைக் காட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிக்காது, உங்களுக்கும் ஒன்றும் தெரியவராது.

கேள்வி: நாங்கள் பல் தீட்ட மிஸ்வாக் குச்சி பாவிக்கிறோம். பிள்ளைக்குப் பற்பசை தேவையா?
— இல்லத்தரசி, கிண்ணியா

பதில்: மிஸ்வாக் படலத்தை நன்றாகவே எடுக்கும் சகோதரி. கடைவாயின் உள்பக்கம்தான் பலருக்குத் தப்பிப் போகும். நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முரசைக் கீறும். இரவில் ஒரு தடவை புளோரைட் பற்பசையும் சேரட்டும். மூன்று முதல் ஆறு வயதுவரை என்றால் ஒரு பட்டாணியளவு, மூன்று வயதுக்குக் கீழ் என்றால் ஒரு அரிசியளவு.

கேள்வி: என் அப்பு பிரஷ்ஷையே கண்டதில்லை. வாயில் எப்போதும் வெற்றிலை. சாகும்வரை பல் விழவில்லை. வெற்றிலைதான் முரசை இறுக்கியதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: இல்லை ஐயா. 1970இல் தொடங்கி, நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பதினைந்து வருடம் கவனித்தார்கள். பல் தீட்டும் பழக்கமே இல்லாதவர்கள். 8 வீதமானோருக்கு முரசு நோய் வேகமாகப் பரவியது. நாற்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலான பற்கள் போய்விட்டன. 81 வீதமானோருக்கு மெல்ல மெல்ல. 11 வீதமானோருக்கு அழற்சியோடு நின்றுவிட்டது. அப்பு அந்தப் பதினொரு வீதத்துக்காரராக இருந்திருப்பார். நீங்களும் அப்படித்தானா என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணம். அப்புவின் பல்லை வைத்து வெற்றிலைக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பல்லில் காரை எடுத்தால் பல் ஆடத் தொடங்குமாமே?
— ஆசிரியை, மூதூர்

பதில்: ஏற்கெனவே ஆடுகிற பல்தான். காரை என்பது அந்தப் படலம் இறுகிக் கல்லானது. இவ்வளவு நாளும் அது பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து வைத்திருந்தது. காரை போனதும் ஆட்டம் தெரிகிறது. எடுத்துவிட்டால் முரசு இறுகும்; பல நேரம் ஆட்டமும் குறையும். இன்னும் தள்ளிப்போடாமல் போய் எடுங்கள்.