பெயரிடும் முன் போன பிள்ளை

அன்புள்ள ஐயா,

எட்டு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுடையது கடற்கரையில் ஒரு கத்தோலிக்க ஊர். போன ஜூனில் ஏழாம் மாதத்திலேயே எனக்கு ஆண் குழந்தை பிறந்து, பதினோராம் நாள் இன்குபேட்டரில் இறந்துவிட்டான். ஞானஸ்நானத்தன்று பெயர் வைக்கலாம் என்று இருந்தோம். ஆஸ்பத்திரி ஃபைலில் கடைசி வரை 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர்தான் இருந்தது. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். அடக்கம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். தெரிந்திருந்தால் நானே ஊற்றியிருப்பேன். கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக, சாமியார் வராமலே புதைத்தார்கள். பிள்ளை மோட்சம் போகாது, அதற்கு வெளியே லிம்போ என்கிற இடத்தில்தான் இருக்கும் என்கிறார் மாமியார். கெட்டவர் இல்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கணவர் ஒரு சொட்டு அழவில்லை. பாடகர் குழுவில் இருந்த எனக்கு இப்போது பூசையில் வாய் திறக்க வரவில்லை. நீங்களும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்களுக்குச் சமாதானம் கிடைத்ததா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவியும் வாசித்தாள். கீழே எழுதியிருப்பதில் பாதி அவளுடையது.

முதலில் லிம்போ. நான் சி.எஸ்.ஐ.காரன், அதாவது புராட்டஸ்டண்ட், உங்கள் சபைக் காரியத்தை நான் பேசுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் மாமியாரிடம் சொல்லுங்கள், லிம்போவைக் கத்தோலிக்கத் திருச்சபை ஒருகாலமும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஞானஸ்நானம் பெறாத சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்று பழைய காலத்துப் பெரிய வேதபண்டிதரான அகுஸ்தினார் எழுதிவைத்தார். அந்தக் கடுமையைத் தாங்காமல் பின்னால் வந்தவர்கள் மோட்சத்துக்கு வெளியே கட்டிய திண்ணை அது. வேதனையும் இல்லை, தேவதரிசனமும் இல்லை. 1992-இல் வெளிவந்த உங்கள் மறைக்கல்வி நூல் இந்தப் பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 'சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்' என்ற இயேசுவின் வார்த்தையைத்தான் அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறது. 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு, போப் பதினாறாம் பெனடிக்ட்டின் சம்மதத்தோடு, இவர்கள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பப் பலமான காரணங்கள் உண்டு என்று ஒரு முழு ஆவணமே வெளியிட்டது. அதெல்லாம் படித்தவர்கள் பேச்சு என்று அவர் சொன்னால், டிசம்பர் 28-ஐ நினைவுபடுத்துங்கள். ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? அவர்களுக்குத்தானே விழா எடுக்கிறீர்கள்?

மதில் ஓரம் பற்றி ஒன்று. ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பெற்றோரின் பிள்ளை அதற்குள் இறந்துபோனால், பிஷப்பின் அனுமதியோடு சபை முறைப்படியே அடக்கம் செய்யலாம் என்று உங்கள் திருச்சபைச் சட்டத்தில் 1983 முதல் இருக்கிறது. உங்களிடம் அதைச் சொல்ல ஆளில்லாமல் போனது. அந்தப் பழியை, தண்ணீர் ஊற்றாத பழியோடு சேர்த்து, நீங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் மகன் ஒன்பது நாள் இருந்தான். வீட்டுக்கு வந்தபின் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கம் வழக்கம். என் அம்மா காலையும் மாலையும் பூவை மாற்றிக் கட்டுவார். வதங்கிப் பழுப்பேறிய பழைய பூ, பால் வாடையோடு, ஒரு கிண்ணத்தில் கிடக்கும். அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சபையிலிருந்து வந்த ஒரு அம்மா, 'கர்த்தர் தமக்குப் பிரியமான பூவைப் பறிச்சுக்கிட்டார்' என்றார். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்றுவரை அவள் மல்லிகை வைப்பதில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் யோபைத்தான் சொன்னார்கள்: 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.' பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் தன் வாயால் சொன்னது அது. கூட இருக்கிறவன் எடுத்துச் சொல்வதற்கு அதில் என்ன உரிமை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யோபின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் தரையில் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

ஒரு வயதான உபதேசியார் மட்டும் வேறு மாதிரி. மூன்று நாள் வந்து, காபி குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். நாலாம் நாள் பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசித்தார். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: 'ஐயா, இப்படியும் பைபிள்ல இருக்கா?' அவர் 88-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். அது கடைசி வரி வரை இருட்டுதான். சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்கேயாவது ஒரு ஸ்தோத்திரத்தில் வந்து ஏறிவிடும், இது ஏறாது. மாதக்கணக்கில் அவள் அதையே ஜெபமாகச் சொன்னாள். கோயிலில் பாட்டு அவளுக்கும் வரவில்லை. பாட்டு வராததை விசுவாசம் போய்விட்டதாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் சும்மா நில்லுங்கள்.

கணவர் அழவில்லை என்பதால் அவருக்குத் துக்கம் இல்லை என்று ஆகாது, அதற்கு என்னால் உத்தரவாதம் தரமுடியும். நானும் வீட்டில் அழவில்லை. பைக்கை ஓட்டிக்கொண்டு போய்த் தாமிரபரணிக் கரையில் அழுதேன். 1528 ஆகஸ்டில் மார்ட்டின் லூதரின் எட்டு மாதக் குழந்தை எலிசபெத் இறந்தாள். தகப்பன் மனது பிள்ளைக்காக இத்தனை இளகும் என்று முன்பு நம்பியிருக்கவே மாட்டேன் என்று அவர் நண்பருக்கு எழுதினார். போப்பையே எதிர்த்து நின்ற மனுஷன்.

சமாதானம் கிடைத்ததா என்று கேட்டீர்கள். மனைவிக்குக் கிடைத்தது. பைபிளில் தாவீது ராஜாவின் பிள்ளை நோய்ப்பட்டு ஏழாம் நாள் செத்துப்போகிறது. அதுவரை தரையில் கிடந்தவன் எழுந்து குளித்து, தேவாலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். ஊழியக்காரர்களுக்குப் புரியவில்லை. அவன் சொல்கிறான்: 'நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை.' மனைவி இதை அப்படியே, ஊருக்குப் போவதைப் போல, எடுத்துக்கொண்டாள். பிள்ளை ஓர் இடத்தில் இருக்கிறான், ஒருநாள் அங்கே போகப் போகிறோம். எனக்கு அத்தனை சுலபமாக வரவில்லை. நான் அவள் நம்பிக்கையைக் கடன் வாங்கி ஓட்டினேன் என்பதுதான் உண்மை.

எனக்கு ஆனது வேறு. எங்கள் குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் தாத்தா காலத்திலிருந்து எழுதியிருக்கும். ஒரு ராத்திரி அப்பா அதை எடுத்துவைத்துக்கொண்டு, 'பையனுக்கு என்ன பேரு நினைச்சிருந்தீங்க?' என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எனக்குக் கீழே, என் தங்கை பிள்ளைகளுக்கு மேலே, மூத்த பேரன் என்ற கணக்கில் எழுதினார். ஞானஸ்நானக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டார். மை காய்கிறவரை மூடாமல் வைத்திருந்தார்.

நீங்கள் இருவரும் ஒரு பெயரை மனதில் வைத்திருந்திருப்பீர்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பெயரில் பூசைக்கு எழுதிக்கொடுங்கள். கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வாசிக்கிறவர்கள் பாதிப் பெயரை விழுங்கிவிடுவார்கள்.