களையும் பயிரும்

அன்புள்ள ஐயா,

2001இல் ஆப்கானிஸ்தானின் மீது குண்டு வீசியதைவிட அந்நாட்டைக் கட்டியெழுப்பியிருப்பதே பயங்கரவாதத்துக்குச் சரியான பதிலாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுப்பதா பதில்? பயிரைக் காக்கக் களையெடுப்பது பாவமா? இருபது ஆண்டுகள் அமெரிக்கர்கள் கட்டியும்தான் பார்த்தார்கள். தாலிபான்கள் மீண்டும் காபூலைப் பிடித்த 2021 ஆகஸ்டில் என்ன மிஞ்சியது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொலைகாரர்களைத் தேடிப் பிடித்திருக்கக் கூடாது என்பது என் கருத்தல்ல. அப்படித் தொனித்திருந்தால் பிழை என் எழுத்தில்தான். ஆனால் களையெடுப்பவர் குனிந்து, பயிர் எது, களை எது என்று பார்த்துத்தான் பிடுங்குவார். 2001 அக்டோபர் 7 அன்று தொடங்கியது அந்த வேலை அல்ல. அப்போது அமெரிக்க விமானங்கள் பல சிறு குண்டுகளாகச் சிதறும் கொத்துக் குண்டுகளையும் போட்டன, உணவுப் பொட்டலங்களையும் போட்டன. வெடிக்காமல் தரையில் கிடந்த குண்டும் மஞ்சள், பொட்டலமும் மஞ்சள். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பசித்த மக்களுக்கு வானொலியில் விளக்க வேண்டியிருந்தது. பொட்டலத்தின் நிறத்தை மாற்றும் யோசனை அதற்குப் பிறகே வந்தது. அல்கொய்தா தலைவர் பின்லேடனோ 2011 மே மாதத்தில், பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், நீண்டகால உளவு வேலைக்குப் பின் ஹெலிகாப்டரில் இறங்கிய ஒரு சிறு படையால்தான் கொல்லப்பட்டார். களையெடுப்பு என்ற சொல் பொருந்துமானால் அதற்குத்தான் பொருந்தும்.

இருபது ஆண்டுகள் கட்டிப் பார்த்தார்கள் என்கிறீர்கள். மறுகட்டுமானம் என்ற பெயரில் அமெரிக்கா ஒதுக்கிய சுமார் 14,500 கோடி டாலரில் பாதிக்கும் மேல் ஆப்கன் ராணுவத்துக்கும் காவல்துறைக்குமே போயிற்று. மீதியின் கதைக்கு ஹெல்மண்ட் மாகாணத்தின் கஜகி அணையைப் பாருங்கள். 1950களில் அமெரிக்கப் பொறியாளர்களே கட்டிய அணை அது. அங்குள்ள மின்நிலையத்துக்கு இன்னொரு டர்பைன் தேவைப்பட்டது. 2008இல் ஆயிரக்கணக்கான வீரர்கள் காவல் நிற்க, சுமார் நூறு வண்டிகள் கொண்ட தொடரணி அதன் பாகங்களைச் சண்டை நடக்கும் பகுதி வழியே கொண்டுபோய்ச் சேர்த்தது. வெற்றிச் செய்தி உலகெங்கும் வந்தது. ஆனால் அதை நிறுவுவதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான டன் சிமெண்டை அங்கே கொண்டுபோக முடியவில்லை. டர்பைன் பிரிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2016இல்தான் சுழன்றது. போரின் முதுகில் ஏற்றி அனுப்பிய கட்டுமானம் தோற்றது என்பதற்கு இது சான்று. கட்டுமானமே வீண் என்பதற்கு எப்படிச் சான்றாகும்?

உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்கு எனக்கு எளிய விடை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அல்கொய்தாவுக்கு இடம் கொடுத்திருந்த தாலிபான் ஆட்சி காபூலில் இருந்தவரை, வெளியிலிருந்து எவரும் போய் ஒரு நாட்டைக் கட்டியெழுப்பியிருக்க முடியாது. என்னை உறுத்துவது அதற்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகள். 2001 டிசம்பரில் தாலிபான்கள் காந்தஹாரையும் விட்டுப் போயிருந்தார்கள். அகதிகள் லட்சக்கணக்கில் வீடு திரும்பினார்கள். 2002 ஜனவரியில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. ஆனால் அமைதியைக் காக்க வந்த பன்னாட்டுப் படையோ, சில ஆயிரம் பேர், காபூலையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. தாண்டலாம் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுமதித்தது 2003 அக்டோபரில். அதற்குள் வாஷிங்டனின் கவனம் ஈராக்குக்குப் போய்விட்டிருந்தது. காபூலுக்கு வெளியே மாகாணங்களை ஆண்டவர்கள் பெரும்பாலும் 1990களில் அந்நாட்டைக் குதறிய அதே தளபதிகள். அல்கொய்தாவை வேட்டையாட உதவுவார்கள் என்று பணமும் ஆயுதமும் கொடுத்து அவர்களை மீண்டும் உட்கார வைத்ததும் அமெரிக்காதான். விதைக்க வேண்டிய பருவத்தில், எஸ்., அந்த வயலில் நடந்தது இது.